உன் அணையில் பாதியை எடுத்துவிட்டோம், மச்சான்

என் அருமைக் கருப்பையா மச்சானுக்கு,

நீ உயிரோடு இருந்த நாளில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியம் எங்கே இருந்தது? இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். நீ அந்தப் பக்கம் தும்மினால் உன் தங்கை இந்தப் பக்கம் அடுப்படியிலிருந்து "நூறாயுசு" என்பாள். அப்படிப்பட்டவனுக்கு இப்போது காகிதமும் மையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்க வேண்டும் என்று நீயே யோசித்துக்கொள்.

புதுக்கோட்டையில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் இதைத் தம் பத்திரிகையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தாராளமாகப் போடட்டும். தனியாகச் சொன்னபோது நீ எதைக் காதில் வாங்கினாய்? ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னால்தான் உனக்கு உறைக்கும்.

முதலில் சேதி. வெள்ளாற்றின் குறுக்கே நீ கட்டிய அணையில் பாதியை எடுத்துவிட்டோம். நான்தான் முன்னால் நின்று எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே என்று கெஞ்சப் போவதில்லை. நன்றாகக் கோபித்துக்கொள். எனக்கும் உன்மேல் ஒரு வண்டிக் கோபம் இருக்கிறது, அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம்.

படிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளாறு புதுக்கோட்டைச் சமஸ்தானத்துச் சீமையெல்லாம் சுற்றிவிட்டு, எங்கள் ஊரைத் தாண்டி இரண்டு மைலில் கடலில் விழுகிறது. மழைக்காலத்தில்தான் அது ஆறு. கோடையில் வெறும் மணல். அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஊர் குடித்தது. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு கோடையில் ஊற்றுத் தண்ணீர் கரித்தது. கடல்தண்ணீர் ஆற்றுவழியே ஏறி வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். உடனே நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

"குறுக்க ஒரு செவுரு வச்சுட்டா உப்பு எந்தப் பக்கம் வரும் மாப்ளே? அங்கிட்டே நிக்க வேண்டியதுதான!" என்றாய்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். மணலில் சுவர் வைத்தால் தண்ணீர் அடியில் நுழையாதா? கேட்டிருக்கலாம். கேட்டால், "என் தங்கச்சி புருசனுக்குத் துணிச்சலே கெடையாது" என்று ஊரெல்லாம் சொல்வாய். பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரிமளம் பக்கமிருந்து வண்டி வண்டியாகச் செம்பூரான்கல் வந்து இறங்கியது. இரண்டு கோடைகாலம் வேலை. தென்கரையிலிருந்து நீ கட்டிக்கொண்டு வந்தாய், வடகரையிலிருந்து நான். நடு ஆற்றில் இரண்டு சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு முழம் விலகி நின்றது. "ஒன் பக்கந்தான் கோணல்" என்றாய். கயிறு பிடித்துப் பார்த்தோம். கோணல் உன் பக்கம். "கயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டாய்.

அணை எழும்பியது, ஆள் உயரத்துக்கு. அடுத்த கோடையில் ஊற்று முன்னைவிட அதிகமாகக் கரித்தது. ஊரார் வரிசையாக நின்று முகம் சுளித்தபோது நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? ஒரு செம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "தேனா இருக்கு" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நிமிஷம் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்துகொண்டே, அணையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க ஊரார் பழகிக்கொண்டார்கள்.

உப்பு நிற்கவில்லை, சரி. நின்றது எது தெரியுமா? மடவை மீன்.

மடவை கடலில் பிறக்கிறது. ஐப்பசி மழையில் முகத்துவாரத்து மணல் உடைந்து ஆறும் கடலும் ஒன்றாகும்போது அதன் குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறுகின்றன. மேலே மடுக்களிலும் கண்மாய்களிலும் கிடந்து வளர்கின்றன. பெரிதானதும் ஒரு வெள்ளத்தோடு இறங்கிக் கடலுக்குத் திரும்புகின்றன. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அணை கட்டும்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீனைப் பற்றி நமக்கு இருந்த ஞானமெல்லாம் சட்டிக்குள் வந்த பிறகுதான் தொடங்கியது. கடற்கரைக் குப்பத்து ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர்களை யார் கேட்டது?

இத்தனைக்கும் குப்பத்துக்கும் நமக்கும் பரம்பரையாக ஒரு முறை உண்டு. ஐப்பசியில் ஆற்றில் பிடிபடும் முதல் மடவைகள் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்து சேரும். அதற்கு ஈடாக, ஆடி மாதம் நம் பனங்காட்டில் அவர்கள் கூரைக்கு வேண்டிய ஓலையை வெட்டிக்கொண்டு போவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மீன் வந்த வருஷம் ஓலை உண்டு, அவ்வளவுதான் பேச்சு. மீனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறவள் குப்பத்துச் சவரியம்மாள்.

அணை கட்டிய பிறகும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் அவள் வந்தாள். அதுதான் உனக்கு வசதியாகப் போய்விட்டது. "அணைக்கு அப்பறம் ஆத்துல மீனே இல்லையாமே" என்று யாராவது இழுத்தால் போதும், துள்ளி எழுந்துவிடுவாய். "மீனு இல்லைன்னு எவன் சொன்னான்? என் வீட்டுச் சட்டியில கெடக்குறது என்ன, கத்திரிக்காயா?"

நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பை வழித்து நக்கிக்கொண்டு, "ஆத்து மடவைக்கு ருசியே தனி மச்சான்" என்று தாளம் போட்டேன்.

பிறகு யுத்தம் வந்தது, பஞ்சம் வந்தது, உனக்குக் காய்ச்சலும் வந்தது. கொயினா மாத்திரை எங்கேயும் கிடைக்காத நேரம். பெண்டாட்டியும் போய், பிள்ளையும் இல்லாத உனக்கு உன் தங்கைதான் வாயில் ஊட்டினாள். கடைசியாக நீ கேட்டது அந்த மடவைக் குழம்பு. இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "அணையப் பாத்துக்கங்க" என்றாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள். நானும் தலையாட்டினேன். நீ போய்விட்டாய். நீ பாட்டுக்கு நிம்மதியாகப் போய்விட்டாய், மச்சான்! மாட்டிக்கொண்டு முழிப்பது யார்?

அதற்கடுத்த ஐப்பசியில் விடாமல் ஐந்து நாள் மழை. ஆறாம் நாள் காலையில் சவரியம்மாள் நம் வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்திருந்தாள், நடுக்கத்தில் கூடையை இறக்கக்கூட முடியவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன். உள்ளே இரண்டே இரண்டு மடவை.

"ஆத்துல இவ்வளவு வெள்ளம் போகுது, இதுல எறங்கியா பிடிச்சீங்க?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

அவள் முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஆத்துல ஏதுங்கய்யா மீனு? ஜெகதாப்பட்டினம் வரைக்கும் நடந்துபோயி, அங்கிட்டு ஒருத்தருகிட்ட கெஞ்சி வாங்கியாந்தேன். கடலு மீனுங்க இது. ஒவ்வொரு வருசமும் அப்புடித்தான்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"மொத ரெண்டு வருசம் மேல இருந்ததுக வெள்ளத்துல செவுரத் தாண்டி விழுந்துச்சுங்க. நல்லா அள்ளுனோம். அப்பறம் எங்கேருந்து வரும்? குஞ்சு மேல ஏறுனாத்தான பெருசு கீழ எறங்கும்? செவுத்துல முட்டி முட்டிக் குஞ்செல்லாம் கொக்குக்குத்தான் தீனியாப் போச்சு."

"இத ஏம்மா இத்தன வருஷமாச் சொல்லல?"

"மீனு வல்லைன்னு சொன்னா ஓலை குடுப்பீகளாய்யா? கூரை இல்லாம இந்த மழையில எங்கிட்டுப் போறது?"

எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மழைக்காலத்தில் கடல் அவர்களை உள்ளே விடுவதில்லை. அந்த இரண்டு மாதமும் ஆற்று மீன்தான் அவர்களுக்குச் சோறு. அந்தச் சோற்றில் நாம் கல்லை அடுக்கிவிட்டு, முதல் மீன் எங்கே என்று வருஷா வருஷம் கூடையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறோம். இப்போ என்னத்தைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்பதாகச் சொன்னாள். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை.

நான் உள்ளே திரும்பி, "கேட்டியா பாக்கியம், ஒங்க அண்ணன் கட்டுன அணையோட லட்சணத்த?" என்று கத்தினேன்.

உன் தங்கை கதவருகில்தான் நின்றிருந்தாள். "மீனு கடலு மீனுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்பேருந்து?"

"மூணாவது வருசத்துலேருந்து. ஆத்து மடவை வவுத்தக் கீறுனா கறுப்பா வண்டல் இருக்கும். இதுல வெள்ள மணலு. மீனு அரியிற எனக்குத் தெரியாதா? திங்கிற ஒங்களுக்குத்தான் தெரியல."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"சொன்னா இவுகளுக்கு ஓலை கெடைக்காது. அதோட அண்ணன் என்ன ஆசையாத் தின்னுச்சு! ஊருக்கு முன்னால அது தலை குனியவா?"

பார்த்தாயா மச்சான்? குப்பம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. உன் தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் தின்ற மடையர்கள் ஊரிலேயே இரண்டு பேர், நீயும் நானும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓலைக்காகத்தான் மீன் வருகிறது என்பது பாக்கியத்துக்குத் தெரியும். அந்த மீன் ஒரு பட்டினி வீட்டைக் கடந்து வருகிறது என்பது அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது. இருந்த அரிசியில் ஒரு படியை முந்தானையில் கொட்டி அனுப்பினாள். அந்த இரண்டு மீனையும் அதே கூடையில் திருப்பி வைத்தாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அணையை எடுத்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு கல்லத் தொட்டீங்க, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அண்ணன் வீடு வேலிக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கிறது. சொன்னபடியே சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்! பத்து நாள் உன் வீட்டில் அவள், என் வீட்டில் நான். சோறு மட்டும் வேலிக்கு மேலே வந்தது. "புள்ள குட்டி இல்லாத மனுசன். ஒலகத்துல அது பேரச் சொல்றதுக்கு அந்தச் செவுரு ஒண்ணுதான் இருக்கு" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அழுதாள்.

பதினோராம் நாள் அவளாகவே வந்தாள். "பாதிய எடுங்க. பாதி இருக்கட்டும்."

"அணையில ஏது பாதி? எடுத்தா முழுசா எடுக்கணும்" என்று நான் எகிறினேன்.

குப்பத்துக்கு ஆள் அனுப்பி சவரியம்மாளைக் கேட்டோம். அணையைக் கட்டும்போது கேட்காததை இடிக்கும்போதாவது கேட்டோமே. "மீனுக்கு முழு ஆறும் எதுக்குங்க? ஒரு வாசல் இருந்தாப் போதும்" என்று சொல்லி அனுப்பினாள்.

எந்தப் பாதி என்பதையும் உன் தங்கையே தீர்மானித்தாள். தென்பாதி நிற்க வேண்டும், அது அண்ணன் கையால் வைத்தது. வடபாதி போகலாம். அதாவது கயிறு பிடித்து நேராகக் கட்டிய என் பாதி இடிபட வேண்டும், கோணலாகக் கட்டிய உன் பாதி நிற்க வேண்டும். செத்த பிறகும் நீதான் ஜெயிக்கிறாய்.

இடிப்பதற்கு முன் அனுமதி வாங்கிவிடலாம் என்று புத்தி கெட்டுப்போய்த் தாலுகா ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா மூன்று தடவை அலைய விட்டார். நாலாவது தடவை ஒரு பெரிய ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த இடத்துல அணையே இல்லையே" என்றார். "இருக்குங்க, நான்தான் கட்டினேன்" என்றேன். "ரிக்கார்டுல இல்ல. இல்லாத அணைய இடிக்க எப்படி உத்தரவு குடுக்கிறது?" என்றார். முத்திரை போட்ட காகிதம் இருக்கிறது, சர்க்கார் உத்தரவு இருக்கிறது என்று ஊரை நம்ப வைத்தாயே! உன் பெட்டியைக் குடைந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். முத்திரை இருந்தது. அது உன் மாட்டுவண்டி லைசென்சு.

அடுத்த புரட்டாசியில் ஆறு காய்ந்து கிடந்தபோது வடபாதியைப் பிரித்தோம். குப்பத்திலிருந்து இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கட்ட இரண்டு கோடை, பிரிக்க ஒன்பது நாள். நான் வைத்த ஒவ்வொரு கல்லும் என் கையாலேயே வெளியே வந்தது. பாக்கியம் வந்து பார்க்கவில்லை. கஞ்சி மட்டும் அத்தனை பேருக்கும் வந்தது.

உடனே மீன் வந்துவிட்டது என்று நினைக்கிறாயா? ஒரு மண்ணும் வரவில்லை. அந்த ஐப்பசியில் விரல் நீளக் குஞ்சுகள் வாசல் வழியே மேலே ஏறின, அவ்வளவுதான். ஊரார் கேட்ட கேள்விக்குப் பஞ்சமில்லை. "என்னங்க, செவுரும் போச்சு, மீனும் வல்லையே?" அடுத்த வருஷமும் அதே கேள்வி. உப்பை நிறுத்தாத அணையைப் பத்து வருஷம் பொறுத்துக்கொண்டவர்களுக்கு, மீன் வளர இரண்டு வருஷம் பொறுக்க முடியவில்லை. நானும் உள்ளுக்குள் பயந்துதான் போயிருந்தேன். அந்த இரண்டு ஆடியிலும், மீனைக் கேட்காமலே பாக்கியம் அவர்களுக்கு ஓலையை வெட்டிக் கொடுக்கச் சொன்னாள். முறை தெரிந்த பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "என் அண்ணன் காடு" என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டாள்.

இந்த ஐப்பசியில் சவரியம்மாள் வந்தாள். கூடை கொள்ளாமல் வந்தாள். பாக்கியம் அரிவாள்மனை முன் உட்கார்ந்து முதல் மீனைக் கீறினாள். உள்ளே கறுப்பு வண்டல். மீனைக் கீழே வைத்துவிட்டு, சவரியம்மாளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் தோட்டத்தைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். விட்டால்தானே!

போன வாரம் உன் பாதியின்மேல் நாலு பேர் கயிறும் முளைக்குச்சியுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆற்றின் மேல்பகுதியில், சமஸ்தானத்து எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்கள். என்ன சேதி என்று கேட்டேன். "எங்க ஊருலயும் இது மாதிரி ஒண்ணு கட்டலாம்னு இருக்கோங்க. இத்தன வருச வெள்ளத்துக்கும் அசையாம நிக்குதே! கட்டுன மனுசரு பெரிய கெட்டிக்காரரா இருக்கணும்" என்றார் ஒருவர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கயிற்றைப் பிடுங்கி ஆற்றில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. யாரோ முகம் தெரியாதவன் உன்னைக் கெட்டிக்காரன் என்று சொல்கிறான். அதைக் கேட்டுவிட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பாக்கியத்திடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணன் உசுரோட இருந்தப்பத்தான் நீங்க வாயத் தொறக்கல. இப்பவுமா?" என்றாள்.

மச்சான், அவள் கேட்டது நியாயம். எதற்கெல்லாம் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்? மாட்டுக்கு, வரப்புக்கு, தாயக்கட்டத்துக்கு. இந்த ஒன்றில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். உன் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு மனசு வராததற்காக ஒரு குப்பமே புளியங்கொட்டை தின்றது.

மறுநாள் விடிந்ததும் அந்த ஊருக்கு நடந்து போனேன். கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டச் சொன்னேன். ஊற்று கரித்ததைச் சொன்னேன், குஞ்சுகள் முட்டிச் செத்ததைச் சொன்னேன், வண்டி லைசென்சையும்கூட விடவில்லை. "அது எதுக்கும் ஒதவாத செவுருங்க. கட்டினது என் மச்சானும் நானும். நாங்க செஞ்சது தப்பு" என்றேன். உன்னைத் தப்பு என்று வெளி மனிதர்கள் முன்னால் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர்கள் கட்டமாட்டோம் என்றும் சொல்லவில்லை, கட்டுவோம் என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறோம் என்றார்கள். திரும்பி வரும் வழியில் ஆற்றுமணலில் உட்கார்ந்து, நீ செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதேன்.

உனக்கு என் வாக்கு இது. நீ கட்டிய பாதியில் ஒரு கல்லைக்கூட, நான் இருக்கும்வரை, யாரையும் தொட விடமாட்டேன். அதைப் பார்த்து நல்ல அணை என்று சொல்கிறவன் யாராக இருந்தாலும் அவன் ஊர்வரைக்கும் நடந்துபோய், இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்ல வேண்டியதை ஊருக்கெல்லாம் சொல்லித் திரியும்,
உன் தங்கை புருஷன்,
மாப்பிள்ளை சின்னையா